காலால் பிறந்தவளின் மகள்

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவே நம்புகிறது. நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எவனாவது முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பான். திட்டிக்கொண்டேதான் மிதிப்பேன். அவன் நிமிர்ந்து நடந்து போவான். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர்தான்.

மகள் அப்போது பத்தாம் வகுப்பு. நூறு மீட்டர் ஓடுவாள். ஓட்டம் ஒன்றுதான் அவளுக்கு உலகம். ஒருநாள் காலைப் பயிற்சியில் விசில் ஊதியதும் பாய்ந்தவள், பாய்ந்த வேகத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் இடிக்கவில்லை, அவள் விழவும் இல்லை. உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்டதாம். தசைப்பிடிப்பு என்று சொல்லி, பயிற்சியாளர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

கீழ்வீட்டுக்காரி பாயை விரித்தாள். "இன்னாக்கா யோசிச்சுகினு கீற? ஊருக்கெல்லாம் மிதிக்கிற, பெத்த பொண்ணுக்கு மிதிக்க மாட்டியா?"

காலைத் தூக்கினேன். மகள் இரண்டு கையாலும் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இது சுளுக்கு இல்ல. உள்ள ஏதோ பேந்துகிச்சு."

எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவள், அன்று மெதுவாகச் சொன்னாள். காலைக் கீழே வைத்துவிட்டு, வானகரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு துண்டு விலகி நின்றது.

"வளர்ற வயசுல அந்த முனை எலும்போட இன்னும் முழுசா சேர்ந்திருக்காதும்மா. தசை அதுக்குள்ள நல்லா பலமாயிடும். வேகமா கிளம்பினப்போ தசை அறுந்துபோகல, அது ஒட்டியிருந்த எலும்பையே பேத்து எடுத்துடுச்சு."

எவளாவது தள்ளிவிட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இதற்கு யாரிடம் போவது? நான் சோறு ஊட்டி வளர்த்த உடம்புக்குள் இவ்வளவு பலம் எப்போது வந்தது? பயத்திலும் அந்தப் படத்தை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"மறுபடி ஓடுவாளா?" என்று கேட்டேன்.

"சில்லு ரொம்ப விலகல, ஆபரேஷன் வேணாம். தானா ஒட்டிக்கும். நீங்க சும்மா விட்டா ஓடுவா. நீவுறது, இழுக்கிறது, மிதிக்கிறது, எதுவும் கூடாது."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

சும்மா விடுவது லேசான காரியமா? வாரக்கணக்கில் கக்கத்தில் ஊன்றுகட்டையோடு நடந்தாள். படுத்தால் முட்டிக்கு அடியில் தலையணை வைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த கீழ்வீட்டுக்காரியை வாசலோடு விரட்டினேன். அடுத்த படத்தில் சில்லுக்கும் எலும்புக்கும் நடுவே பால் சிந்தியது போல வெளுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் இடைவெளியே இல்லை, சின்ன மேடு மட்டும்தான். கட்டில்லை, தையலில்லை. நாங்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே யார் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்தது? அதன்பிறகுதான் மெல்ல மெல்ல உடற்பயிற்சி, நடை, ஓட்டம் எல்லாம்.

சில மாதம் கழித்து முதல் போட்டி, அதே மைதானத்தில். ஓடுவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து புல்லில் குப்புறப் படுத்தாள்.

"மா, ஒரு மிதி மிதிச்சு விடு."

"போடி. டாக்டரம்மா கூடாதுன்னாங்க."

"அது அப்போ. இப்போதான் ஒட்டிக்கிச்சே."

செருப்பைக் கழற்றினேன். தெருவையே மிதித்த காலை அவள் முதுகில் எடையே இல்லாமல் வைத்து எடுத்தேன். எழுந்து, ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக் கோட்டுக்குப் போனாள்.

விசில் ஊதியதும் நான் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, போன தடவை உட்கார்ந்த இடத்தைத் தாண்டி அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.