வசந்திக்கு ஒரு டோர்ச்

இதைவிட வெளிச்சமான டோர்ச் தன்னிடம் இல்லை என்று கையை விரித்துவிட்டார் லண்டன் ஹரோவில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர். போன சனிக்கிழமை நடந்தது இது.

அவர் சலித்துக்கொண்டதில் தப்பில்லை. இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து டோர்ச் கேட்டு அடிக்கடி போய் நிற்கிறேன். காட்டுக்குள் கூடாரம் அடிக்கிற ஆளா நீங்கள் என்று கேட்டார். இல்லை, மனைவி வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வருவதற்கு என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மனைவி வசந்திக்கு விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது. பரம்பரை வியாதி. முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு பக்கப் பார்வை சுருங்கும் – குழாய்க்குள்ளால் பார்ப்பதைப்போல. மருந்து கிடையாது என்று கண் டொக்டர் மிகவும் பண்பாகச் சொன்னார். இந்த ஊரில் கெட்ட செய்தியை எல்லோரும் பண்பாகத்தான் சொல்கிறார்கள்.

அவளுக்கு ஒரு நேர்சரியில் வேலை. சின்னப்பிள்ளைகள் என்றால் உயிர். ஆனால் லண்டன் குளிர்காலம்... நாலு மணிக்கே இருட்டிவிடும். நேர்சரிக்கும் வீட்டுக்கும் நடுவே ரயில் பாதையோரமாக ஒரு நடைபாதை, விளக்கே இல்லை. சுற்றி வரலாம். அங்கே வாகனங்கள் பறக்கிற பெருந்தெருவைக் கடக்கவேண்டும். எனக்கு வேலை சவுத்தாலில். அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது.

நோயை ஒன்றும் செய்ய முடியாத மனிதன் என்ன செய்வான்? டோர்ச் வாங்குவான்.

முதலில் பேனா மாதிரி ஒன்று. 'டிரிபிள் ஏ' பற்றரிகள் போடுவது. கைப்பைக்குள் அழகாக அடங்கியது. அழகாக மஞ்சளாகியும் போனது. பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பாதீர்கள். அது டோர்ச் அடியோடு சாகும் வரைக்குமான கணக்கு. கால் வைக்க வழி தெரியும் வரைக்குமான கணக்கு அல்ல.

பிறகு 'டபிள் ஏ'. எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் வசந்திக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. பிறகு 'டி' சைஸ் – குண்டுப் பற்றரிகள். நாட்கணக்கில் எரிந்தது. ஆனால் அந்தப் பாரம்... பகல் முழுதும் பிள்ளைகளைத் தூக்கிய மணிக்கட்டு வீங்கிவிட்டது.

கடைசியில் லிதியம். பெருவிரலைவிடச் சற்றுப் பெரிய ஒற்றைப் பற்றரி, போன் போலச் சார்ஜ் ஏற்றலாம். கார் ஹெட்லைட் தோற்றுவிடும்.

"பகல் மாதிரி இருக்குதப்பா," என்றாள் வசந்தி. சில வாரங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

எனக்கு லீவான ஒரு நாள், போன் வந்தது.

"இஞ்சருங்கோ, ரோச் லைற் நிண்டிட்டுது."

"எங்கை நிக்கிறீர்?"

"ரெயில் பாதைக்குப் பக்கத்திலை. வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"போனிலை இருக்கிற லைற்றைப் போடுமன்."

"போட்டிருக்கிறன். காணாது. கையை விட்டா எந்தப் பக்கம் நிக்கிறன் எண்டே தெரியாது. கெதியா வாங்கோ."

ஓடினேன். கம்பி வேலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். சைக்கிளில் வந்த யாரோ பெல் அடித்து விலகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் விலகுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய விரல்களை நான்தான் கம்பியிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த ரக டோர்ச் மங்காது. கடைசிவரை ஒரே பிரகாசம், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். குளிரில் இன்னும் சீக்கிரம்.

வீட்டில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வசந்தி சொன்னாள்: "மங்கிற பற்றரிதான் நல்லம். போகப்போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகும்."

அதனால்தான் சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் இருந்ததிலேயே பெரியது. லிதியம் பற்றரி இரண்டு, சார்ஜ் குறைந்தால் எச்சரிக்கிற சிவப்பு விளக்கு, ஆனாலும் பாரம் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஞாயிறு பின்னேரம் இருட்டியதும் அவளை அந்தப் பாதைக்குக் கூட்டிப்போனேன். பொத்தானை அமத்தி, அவள் காலடியில் வெளிச்சத்தைப் பிடித்தேன். ஈர இலைகள், வேலிக் கம்பி, ஒரு நத்தைகூடத் தெரிந்தது. எதிரே நாயோடு வந்தவர் கண்ணைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்.

வசந்தி நேரே பார்த்தபடி நின்றாள்.

"ரோச் லைற்றைப் போட்டிட்டீங்களே?" என்று கேட்டாள்.

வெளிச்சத்தை மெல்ல மெல்ல மேலே உயர்த்தினேன்.

"ஓம்... இப்ப தெரியுது. ஒரு பெனிக் காசளவு."

நான் டோர்ச்சை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். அவள் முகம் அசையவில்லை. என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். திரும்பி நடந்தோம்.

"நாளைக்கு நேர்சரியிலை சொல்லப்போறன். இந்த மாசத்தோடை நிண்டிடுறன்."

"அவசரப்படாதையும். வேறை ஒண்டு பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது? பற்றரியிலை பிழை இல்லையப்பா."

திங்கட்கிழமை சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே சோபாவில் கனநேரம் இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

டோர்ச்சுக்கு எந்தப் பற்றரி நல்லது என்று இப்போது என்னிடம் கேளுங்கள், விலாவாரியாகச் சொல்கிறேன் – கண் தெரிகிறவர்களுக்கு உதவும்.