காக்கா காட்ட மாட்டேன் என்று சொன்ன வாரம்

எனக்கு எழுத்து கோணலாக வரும். கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் அதிகம், நடந்ததை முன்னே பின்னே மாற்றிச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபாலபுரத்தில் ஒரு நர்சரி பள்ளியில் இருபத்திரண்டு வருடம் ஆயாவாக இருந்தேன். புதிதாகச் சேரும் ஆயாக்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று ப்ரீ-கேஜி டீச்சர் சுதா மிஸ் கேட்டார். நாலு பேர் முன்னால் பேசச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். எழுதுவதுதானே என்று ஒத்துக்கொண்டேன்.

1. காக்கா காட்டுவது

எங்கள் பள்ளி ஒரு பழைய பங்களாவில் நடந்தது. காலை ஒன்பது பத்துக்கு கேட்டை மூடிவிட வேண்டும். மூடிய பிறகு எந்த அம்மாவும் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. இது பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் மேடத்தின் சட்டம். ஆனால் ப்ரீ-கேஜி பிள்ளைகள் அம்மாவின் இடுப்பை லேசில் விடாது. அதற்கு ஆயாக்களிடம் ஒரு வழி உண்டு. பிள்ளையைக் கையில் வாங்கி, மாமரத்தைக் காட்டி, "அதோ பாரு, காக்கா!" என்போம். பிள்ளை தலையைத் திருப்பும். அந்த நேரம் பார்த்து அம்மா ஓடிவிட வேண்டும். பிள்ளை திரும்பும்போது கேட் மூடியிருக்கும்.

இதில் நான் கெட்டிக்காரி. பிடிவாதமான பிள்ளை வந்தால், "அஞ்சலையக் கூப்பிடுங்க" என்பார் மேடம். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். மரத்தில் காக்கா இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பின்னால் வந்த ஆயாக்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "சொல்லிட்டுப் போனா அழும், சொல்லாம போங்க" என்று அம்மாமாருக்குப் புத்தி சொன்னதும் நான்தான். மறைத்து என்ன பயன்.

2. அழாத பிள்ளை

தன்யா வரும்போது அவளுக்கு மூன்று வயதும் சில மாதமும். அவள் அம்மாவுக்குத் தேனாம்பேட்டையில் ஆபீஸ். ஒன்பதரைக்குள் வருகை மெஷினில் விரல் வைக்க வேண்டும். முதல் நாள் நான்தான் காக்கா காட்டினேன். தன்யா திரும்பிப் பார்த்தாள், அம்மா இல்லை. அழவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டையே பார்த்தாள். மறுநாளும் அப்படித்தான்.

"இன்னாக்கா, இது தங்கமா கீது. சத்தமே காணோமே" என்றாள் என்னோடு வேலை செய்த மேரி. எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் கடிக்க ஆரம்பித்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். படம் காட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள். கிட்டப் போனால் கடி. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பையனின் தோளில் பல் பதிந்த போட்டோ வந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை மேடம், தன்யாவின் அம்மாவை ஆபீஸ் ரூமுக்கு வரச் சொன்னார். நான் தன்யாவைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"நாலாவது கடி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் டி.சி. வாங்கிக்கோங்க. ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்றார் மேடம்.

"வீட்டுல இப்படி இல்ல மேடம். பேசுவா, பாடுவா. டி.சி.யில கடிக்கறான்னு எழுதிட்டா எந்த ஸ்கூல்ல மேடம் எடுப்பாங்க?" என்று அந்தப் பெண் அழுதது. மேடம் டிஷ்யூ டப்பாவை அந்தப் பக்கம் தள்ளினார்.

3. சறுக்குமரத்துக்குக் கீழே

அன்று மத்தியானம் விளையாட்டு நேரத்தில் தன்யா சறுக்குமரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கரடி பொம்மை, ஒரு பெண் பொம்மை. பக்கத்தில் நான் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆயா கூட்டும்போது பிள்ளைகள் ஆளே இல்லாத மாதிரி பேசுவார்கள்.

கரடியிடம் அவள் சொன்னாள்: "அதோ பாரு, காக்கா." கரடியின் தலையைத் திருப்பினாள். பெண் பொம்மையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பிறகு கரடியின் மூக்கில் ஓங்கி ஓர் அடி. "ஏன் பாத்த? நீ பாத்தல்ல, அதான் அம்மா போயிட்டாங்க."

துடைப்பம் என் கையிலேயே நின்றுவிட்டது. குரல்கூட என் குரல்தான். நான் எப்படி இழுத்துச் சொல்வேனோ, அப்படியே சொன்னாள்.

சுதா மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் டைரியைப் புரட்டினார். முதல் கடி, படக் கார்டைத் தூக்கிப் பிடித்து 'இங்க பாருங்க' என்றபோது சுதா மிஸ்ஸின் கையில். அடுத்தது, 'என் கார் பாரு' என்று காட்டிய பையனுக்கு. மூன்றாவது, ஜன்னலில் அணில் காட்டிய மேரிக்கு. நாலாவது, 'இங்க பாரு, பருப்பு சாதம்' என்று ஊட்டப் போன எனக்கு.

சுதா மிஸ் டைரியை மூடினார். "பாத்தா ஏதாவது காணாமப் போயிடும்னு நினைக்குது, ஆயாம்மா" என்றார்.

இருவரும் மேடத்திடம் போனோம். சுதா மிஸ் எல்லாவற்றையும் சொன்னார். மேடம் என்னைப் பார்த்தார். "அஞ்சலை, சைல்ட் சைக்காலஜி எல்லாம் எப்போலேர்ந்து? போய் பாத்ரூம் கழுவு."

"கழுவிட்டேன் மேடம்" என்றேன்.

4. கேட்டில்

செவ்வாய்க்கிழமை காலை தன்யாவின் அம்மா வழக்கம்போல ஓடத் தயாராக நின்றது. நான் பிள்ளையை வாங்கவில்லை.

"ஓடாதம்மா. அது மூஞ்சியப் பாத்து, போயிட்டு வரேன்னு சொல்லு. எப்போ வருவேன்னும் சொல்லு."

"அழுவா ஆயாம்மா. நீங்கதானே சொல்லாம போகச் சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். அழட்டும்."

அந்தப் பெண் குனிந்து சொன்னது. "அம்மா ஆபீஸ் போறேன்டா. நீ சாயந்திரம் தூங்கி எந்திரிச்சு பால் குடிப்பல்ல, அப்போ வருவேன்." தன்யா ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அப்புறம் அழுதாள் பாருங்கள். மூன்று வாரம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. புடவையை இழுத்தாள், என்னை உதைத்தாள், அம்மா போனதும் கேட்டில் முட்டப் போனாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. எதிர்வீட்டு மாடியில் ஆள் வந்து நின்று பார்த்தது.

மேடம் வேகமாக வந்தார். "என்ன இது, சந்தைக்கடை மாதிரி? அஞ்சலை, காக்கா காட்டு!"

"மாட்டேன் மேடம்."

அத்தனை வருடத்தில் அவர் சொன்ன எதற்கும் நான் மாட்டேன் என்றதில்லை. அவரும் அசந்துபோனார்.

"அப்போ நாளையிலிருந்து வராத."

"வருவேன் மேடம். இந்தப் புள்ளைக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்தீங்க. எனக்கும் அதே டைம் குடுங்க."

தன்யாவைத் தூக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேடம் உள்ளே போய்விட்டார். தன்யா நாற்பது நிமிடம் போல அழுதாள். நான் எதையும் காட்டவில்லை, 'அழாதே' என்றும் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தேன். அன்று பால் டம்ளரைக் கீழே வைக்கும்போது அம்மா வந்து நின்றது.

புதன்கிழமை பால் குடித்து முடித்தும் அம்மா வரவில்லை. "அம்மா எங்க?" என்றாள். 'இதோ வந்துட்டாங்க' என்பது ஆயாக்களின் அடுத்த பொய். என் வாயிலும் வந்துவிட்டது, விழுங்கினேன். "லேட்டாயிடுச்சுடா. எங்கன்னு எனக்குத் தெரியல. வர்ற வரைக்கும் நான் இங்கயே இருப்பேன்." என் கையைப் பிடித்தாள், வாய்க்குக் கொண்டுபோனாள். பல் பட்டது. கடிக்கவில்லை. கால் மணி கழித்து அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தது, அண்ணா சாலையில் பஸ் நகரவில்லையாம்.

வியாழக்கிழமை சுதா மிஸ் பாயில் உட்கார்ந்து, படக் கார்டுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. தன்யா நகர்ந்து நகர்ந்து வந்து ஒரு கார்டைப் புரட்டினாள். வெண்டைக்காய். கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொன்றைப் புரட்டினாள்.

வெள்ளிக்கிழமை டி.சி. எழுதப்படவில்லை. எனக்கும் யாரும் கணக்கு முடிக்கவில்லை. "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று மேடம் சொன்னதோடு சரி. இரண்டு வாரம் கழித்து ஒரு சர்குலர் வந்தது. போக்குவரத்து நெரிசல் காரணமாக இனி கேட் ஒன்பதே காலுக்கு மூடப்படும் என்று இருந்தது. அந்த ஐந்து நிமிடம் எதற்கு என்று எனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

5. நான் சொல்ல வருவது

கடிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடம் காட்ட வேண்டிய பிள்ளைகளும் உண்டு, காட்டத்தான் வேண்டும். தன்யாவும் அப்புறம் ஒரு முறை கடித்தாள். ஆனால் பிள்ளையின் தலையில் பெயர் ஒட்டுவதற்கு முன்னால் நாம் அதற்கு என்ன செய்தோம் என்று பாருங்கள். சத்தம் இல்லாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அப்படி எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்தேனோ, அது எனக்குத் தெரியப்போவதில்லை. உங்களை யாராவது காக்கா காட்டச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். அழுகிற பிள்ளை பக்கத்தில் உட்காருவதும் நம் வேலைதான்.

அது ஆகஸ்டா செப்டம்பரா, மேரிக்குக் கடி வலது கையிலா இடது கையிலா, சுதா மிஸ் டைரியைப் பார்த்துச் சரிசெய்யட்டும். மேடத்திடம் 'மாட்டேன்' என்று சத்தமாகச் சொன்னேனா, மெதுவாகச் சொன்னேனா, நினைவில்லை. அன்று கேட்டருகே இருந்தவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'மாட்டேன்' என்று சொன்னதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.