காதைத் தொட்டால் கார்னர்

தொண்ணூறுகளில் மர்பி டவுனில் குடியிருந்தோம். எங்கள் மாடியில் நின்றால் பக்கத்து மைதானம் முழுக்கத் தெரியும். இறுதிப் போட்டியில் என் கணவரின் கால்பந்து அணியோடு மோதவிருந்தவர்கள் அங்கேதான் பயிற்சி செய்தார்கள்.

"துணி காயப்போடுற மாதிரி நின்னு, கார்னர் கிக் எப்படி அடிக்கிறாங்கன்னு மட்டும் பாரேன்" என்று கெஞ்சினார் கணவர். தப்பென்று தெரிந்தேதான் சம்மதித்தேன்.

பத்து நாள், காய்ந்த துணியையே மறுபடி நனைத்துக் காயப்போட்டேன். கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். கார்னர் அடிக்குமுன் அவர்களுடைய கேப்டன் காதைத் தொட்டால், பந்து கோலுக்கு இடது பக்கம் விழும்! அன்று கணவரே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

போட்டியில் கேப்டன் காதைத் தொட்டார். எங்கள் ஆட்கள் மொத்தமும் இடது பக்கம் ஓடினார்கள். பந்து வலது பக்கம் வந்து கோலானது. இப்படியே இரண்டு முறை. தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் நேராக என்னிடம் வந்தார். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

"காதுல என்ன தம்பி?" என்று உளறினேன்.

"சீழ் பிடிச்சிருக்குக்கா, ஒரே அரிப்பு. உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லத்தான் வந்தேன். எங்க பிராக்டிஸை யாருக்கா பார்ப்பாங்க? நீங்க தினமும் மாடியில நின்னதாலதான் பசங்க ஒருத்தனும் மட்டம் போடல."

உண்மையை மறைத்து, "நல்லா ஆடினீங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தபோது, தோற்றதைவிட அதிகமாகக் கூசிப்போனேன்.

அடுத்த வருடமும் மாடிக்குப் போனேன். கணவர் ஆசையோடு பார்த்தார்.

"பார்க்கத்தான் போறேன். எதுவும் சொல்ல மாட்டேன்" என்றேன்.