கொப்பூழுக்கு மேலே ஒரு துடிப்பு

தங்கபாயும் நானும் ராஜபாளையம் நூற்பாலையில் அடுத்தடுத்த மெஷினில் நிற்கிறவர்கள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு அவள் மம்சாபுரம் திரும்பினால், சுளுக்கு, பிடிப்பு, குடலேற்றம் என்று வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். எண்ணெய் தொட்டு நீவி விடுவாள். கை அவ்வளவு பக்குவம், வாய்தான் பொல்லாதது. "எரும மாடுகூட சும்மா நிக்கும், நீ என்னலே துள்ளுத" என்பாள். ஆனால் ‘என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று யாரிடமும் சொன்னதில்லை. அது திமிர்தான். சிநேகிதி என்பதற்காக நான் மாற்றிச் சொல்ல முடியாது.

ஜபருல்லா அவள் தெருக்காரன். கடைகளுக்கு பிஸ்கட் போடுகிறவன். சேத்தூர் போகும் வழியில் பைக் சறுக்கி, ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்திவிட்டது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்து, வலியோ மயக்கமோ வந்தால் உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் வலி வந்தது. அவனும் மனைவி ஃபரீதாவும் நேரே தங்கபாயிடம் போனார்கள்.

கொப்பூழில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் துடிப்பு நடுவில் தெரிய வேண்டும், விலகித் துடித்தால் குடலேற்றம் என்பது அவள் கணக்கு. ஜபருல்லாவுக்கு நாலு விரல் மேலே, இடப்பக்கமாகத் துடித்தது. விரலையே தூக்கித் தள்ளும் துடிப்பு. அப்படி ஒன்றை அவள் தொட்டதே இல்லை. கையை எடுத்துவிட்டாள். வாசலில் நின்றவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி எண்ணெய் தொட்டு நீவினாள்.

"இப்ப எப்படிலே இருக்கு?"

"செத்த கொறஞ்சிருக்குக்கா. வாரேன்."

மறுநாள் காலை பல் துலக்கும்போதே ஜபருல்லா விழுந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் உயிர் இல்லை. அடிபட்ட அன்றே வயிற்றுக்குள் ரத்தக்குழாயின் சுவர் நைந்து, நாளாக நாளாக அது பலூன் மாதிரி உப்பி வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். நீவியதால் வெடித்ததா, தானாக வெடித்ததா? நீவியதை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. ஊரில் ஒருவரும் தங்கபாயைக் குறை சொல்லவும் இல்லை. அதுதான் அவளை அரித்தது.

அந்தத் துடிப்பு அவள் கட்டைவிரலை விட்டுப் போகவில்லை. நூலைத் தொட்டால் துடிக்கிறது, சோற்றைப் பிசைந்தால் துடிக்கிறது என்று என்னிடம் விரலை நீட்டுவாள். நீவிக்கொள்ள வந்தவர்களைத் திட்டாமல் திருப்பி அனுப்பினாள். அவள் திட்டாததைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏட்டி, ஃபரீதாகிட்ட போய்ச் சொல்லிரு. உள்ளேயே வச்சுக்கிட்டு எம்புட்டு நாளு இருப்ப?" என்று நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

ஃபரீதா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே வராத நாலு மாதம் பத்து நாள் அது. தங்கபாய் நின்றபடியே சொன்னாள்.

"தாயி, அது குடலேத்தம் இல்லன்னு அன்னைக்கே என் கைக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நீவினேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டேன்."

ஏச்சுக்கும் அடிக்கும் தயாராக வந்திருந்தாள். ஃபரீதா குரலை உயர்த்தவே இல்லை.

"தெரியும்க்கா. உங்க கை வெடுக்குன்னு விலகுச்சுன்னு அவிய வீட்டுக்கு வந்ததுமே சொன்னாவ. நோவும் கொறையவே இல்ல. ஆட்டோவ வரச் சொல்லுதேன், இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்னு அழுதேன். ‘அக்கா வாசலத் தாண்டித்தான் ஆட்டோ போவணும், பாத்தா மனசு சங்கடப்படுவாவ, விடியட்டும்’னு சொல்லிட்டாவக்கா."