மெமரி கார்டுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் பொட்டு வைக்காத பொருள் கிடையாது. அப்பா ஓட்டிய, செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரி, சமையலறை ஐஸ் பெட்டி, அக்காவின் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர், எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். பொருளுக்கு ஏது நெற்றி என்று கேட்காதீர்கள், அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

அக்காவுக்கு நிச்சயம் நடந்தபோது அம்மா வயிற்றில் ஆப்பரேஷன் முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி மன்றாடிப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை, இந்த லீவை விட்டால் மறுபடி கிடைக்காது என்று அப்பா பிடிவாதமாக நடத்திவிட்டார். ஒன்று விடாமல் படத்தில் காட்டுகிறேன் என்று கட்டில் பக்கத்தில் நின்று வாக்கும் கொடுத்திருந்தார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேலையிடத்திலிருந்து இரவல் வாங்கிவந்த டிஜிட்டல் கேமராவில் எல்லாவற்றையும் எடுத்தார். கேமராவைத் திருப்பித் தரவேண்டியிருந்ததால், தபால்தலை அளவு மெமரி கார்டை மட்டும் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு திரும்பிய அம்மா அப்பாவிடம் பேசவில்லை. சோறு வேண்டுமா என்பதைக்கூட என் மூலமாகத்தான் கேட்டார். ‘ஹாரன் அடிச்சிட்டு வர்ற லாரிய நம்பலாம், சத்தமில்லாம வர்றதுதான் ஆபத்து’ என்பது அப்பா அடிக்கடி சொல்லும் வாக்கு. அந்த வாரம் அவர் அதைச் சொல்லவே இல்லை.

வீடு திரும்பிய மறுநாள் காலை, அம்மா வயிற்றைப் பிடித்தபடி கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

“உங்கப்பா காட்டுறேன்னாரே, காட்டச் சொல்லு.”

அப்பா சாமி மேடையிலிருந்து கார்டைப் பயபக்தியுடன் எடுத்துவந்தார். அக்கா செருகினாள். ஒன்றும் வரவில்லை. எடுத்து, ஊதி, மறுபடி செருகினாள். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பா கேட்டார். அக்கா கார்டை மறுபடி வெளியே இழுத்தாள். தலைக்கு மேல் காற்றாடி சுற்றியும் அப்பாவின் கழுத்து நனைந்துகொண்டே போனது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா போன் போட்டதும் மாமா தன் ஊரான செர்காமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கார்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கத்துப் பொன்னிறக் கோடுகளின் மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. நடுவே குங்குமம்.

“மச்சான், இதுக்குமா பொட்டு வச்சீங்க?”

“வெள்ளிக்கிழம பூசைக்கு வச்சேன். லாரிக்கு வச்சா ஓடுதுதானே?”

“லாரிக்கு நெத்தியில வச்சீங்க. இதுக்கு வாயில அப்பிட்டீங்களே லா.”

அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்பா சிரிக்கவில்லை. படம் போயிருக்குமா என்று மட்டும் கேட்டார். லாரியின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய மனிதரின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மாமா என் பென்சில் பெட்டியைத் திறந்து அழிப்பானை எடுத்து அந்தக் கோடுகளைத் தேய்க்கத் தொடங்கியதும் எனக்கு உயிரே போயிற்று. அழிப்பான் அழிக்கத்தானே செய்யும்? முதலில் அக்காவின் முகம் போகும், அப்புறம் மாப்பிள்ளையின் மீசை போகும். மெதுவாகத் தேய்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்று ஒத்துக்கொண்டு மாமா இன்னும் மெதுவாகத் தேய்த்தார்.

இந்த முறை கம்ப்யூட்டர் முனகியது. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் எழுந்தன. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

தட்டுகள், மோதிரம், பட்டுச்சேலையில் அக்கா, கோலா சுங்கை பாருவிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் என்று அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அம்மாவின் முகம் இளகவில்லை. அப்புறம் பெண் வீட்டார் உட்கார்ந்திருந்த படம் வந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் அப்பாவின் கை. இடமில்லாமல் பெரியவர்கள் பின்னால் நின்றிருந்தார்கள். அன்று கால் வலித்து அதில் உட்காரப் போன என்னையும் அப்பா எழுப்பிவிட்டிருந்தார்.

இந்தப் படம் நல்லா இல்லை, அடுத்ததுக்குப் போ என்று நான் அக்காவை அவசரப்படுத்தினேன். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

“இத பெருசா கழுவிக்கிட்டு வாங்க.”

அப்பா சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் கார்டோடு போட்டோக் கடைக்குக் கிளம்பிவிட்டார். ஆளே இல்லாத ஒரு நாற்காலிக்கு இருக்கும் மரியாதை இந்த வீட்டில் எனக்கு இல்லையே என்று நான் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.