முதலில் கை நீட்டியவள்

பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்துப் பெற்றோரிடம் சொல்வதும் ஒன்றாம் வகுப்பு டீச்சரின் வேலைதான். யார் வரிசையில் நிற்கிறார்கள், யார் கடிக்கிறார்கள், யார் பெரியவர்களை ‘நீ’ என்கிறார்கள் என்று ஒன்று விடாமல் பார்ப்பாள். அன்று பள்ளி வாசலில் வெல்டரைக் கண்டதும், அவர் மகளைப் பற்றிச் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

“அண்ணே, வாயே திறக்காத புள்ள, இப்ப எதுக்கெடுத்தாலும் முதல்ல கை நீட்டுறா.”

“பொட்டப்புள்ள கை நீட்டுதா?”

அவர் விட்ட ஒரே அறையில், பக்கத்தில் நின்ற குழந்தை இரும்பு கேட்டில் மோதி விழுந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவர் மறுபடி ஓங்க, டீச்சர் குறுக்கே பாய்ந்தாள். அந்த அடி அவள் மூக்கில் இறங்கியது.

“பதில் சொல்லக் கை நீட்டுறான்னு சொன்னேன்” என்றாள், ரத்தத்தைப் பொத்திக்கொண்டு.

வெல்டர் கையை உதறினார். “அதைத் தெளிவா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல டீச்சர். அநியாயமா அடிக்க வச்சுட்டீங்க.”

“இதே ஒரு பையன் யாரையாவது அடிச்சிருந்தா?” என்றாள் டீச்சர்.

“அடி வாங்கிட்டு வராம குடுத்துட்டு வந்தானேன்னு மிட்டாய் வாங்கித் தந்திருப்பேன்.”

மறுநாள் வீங்கிய மூக்கோடு டீச்சர் கேள்வி கேட்டாள். எல்லாக் கைகளும் நீண்டன. அந்தக் குழந்தை மட்டும் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து உட்கார்ந்திருந்தது.

மேற்பார்வைக்கு வந்த தலைமையாசிரியை, “இதுதான் அடக்கமான புள்ள” என்றார்.

டீச்சர் மண்டியிட்டு அந்தக் கைகளை மெல்ல வெளியே இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.