ஆழப்பக்கத்துத் தண்ணீர்

அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தவளை டீச்சர் என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். பொது நீச்சல் குளத்தில் அவள் நடத்தும் முதல் பாடமே தவளைபோலக் காலை மடக்கி உதைப்பதுதான். பட்டப்பெயருக்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. "தவளை மூழ்கிப் போச்சுன்னு யாராவது சொல்லி நான் கேட்டதில்ல" என்று சிரிப்பாள்.

முதலில் அவள் அங்கே சீட்டுக் கிழிக்க வந்தவள். கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்த்து ஊற்ற உட்கார்ந்துகொண்டு, ஊரார் பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளம் போடுவதைப் பார்த்து வயிறெரிந்தவள், ஒரு கோடையில் வேலை முடிந்ததும் தானும் இறங்கிவிட்டாள். மூக்கில் ஏறிய தண்ணீர் உச்சந்தலைவரை போனது. ஆனாலும் அவள் விடவில்லை. பயிற்சித் தேர்வில் தேறி விசிலைக் கழுத்தில் மாட்டியபோது முப்பதைத் தாண்டியிருந்தாள். பஸ் ஓட்டும் அவள் கணவர், "இனிமே நம்ம வீட்டுல ஹாரனுக்கும் விசிலுக்கும்தான் சண்டை" என்றார்.

குளத்தை ஒட்டிய அடுக்குமாடியில் அவர்கள் மூன்றாம் மாடி. தங்கையும் அவள் சின்ன மகளும் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். தங்கைக்கு அந்த இடத்தைப் பற்றித் தலைகால் புரியாத பெருமை. "கூப்பிடு தூரத்துல நூலகம், பூங்கா, ஆஸ்பத்திரி, குளம். இப்ப பூமிக்கடியில ரயிலும் வருது. இதுக்கு மேல என்னக்கா வேணும்?" என்பாள்.

அந்த ரயிலுக்கான சுரங்கத்தைத் தெருவுக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நடமாடுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆழப்பக்கத்தில் விழுந்த ஒரு பிள்ளையின் கண்ணாடியை எடுக்க முங்கியபோதுதான் டீச்சர் அதை முதன்முதலாகக் கேட்டாள். யாரோ பல்லைக் கடிப்பதுபோலத் தரையிலிருந்து ஒரு முனகல் வந்தது. தலையை வெளியே தூக்கியதும் பிள்ளைகளின் கூச்சல் மட்டும்தான் கேட்டது. காது அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு காலையில் வந்து பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் விளிம்பை விட்டு இறங்கியிருந்தது. மேலாளர் குழாயைத் திறந்துவிட்டு நிரப்புவார். மறுநாளும் அதே கதைதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. சுரங்கக்காரர்களுக்கு அவராகவே சொல்லியனுப்பினார். அவர்கள் வந்து, குளத்துச் சுவரில் ஓடிய ஒரு கீறலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டினார்கள். சுவர் அசைந்தால் சில்லு உடையுமாம். அது உடையவில்லை.

"கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கலாமே சார்" என்றாள் டீச்சர்.

"எனக்கும் மனசு சரியில்லம்மா. ஆனா மேலிடத்துல கேட்காம மூடினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. லீவு நேரம் வேற. கூட்டத்தைப் பாருங்க."

கூட்டம் உண்மையிலேயே மொய்த்தது. அந்த விடுமுறையில் ஒரு மதியம், குளத்தில் கைகால் நீட்ட இடமில்லாதபோது, ஆழப்பக்கத்து மூலையில் வரிசையாகக் குமிழிகள் கிளம்புவதை டீச்சர் பார்த்தாள். அந்த மூலையில் யாருமே இல்லை. முங்கிப் போனாள். தரைக்கற்களின் இடுக்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பால் குடிக்கும் குழந்தை விரலைப் பிடித்து இழுப்பதுபோல, ஏதோ ஒன்று அவள் கையைக் கீழே இழுத்தது.

மேலே வந்ததும் விசிலை ஊதினாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாளெல்லாம் கேட்கிற விசில்தானே. தரை இழுக்கிறது என்று சொன்னால் நம்புவார்களா, இல்லை முண்டியடித்து ஒருவரையொருவர் மிதிப்பார்களா? யோசிக்க நேரமில்லை.

"யாரோ தண்ணியில ஆய் போயிட்டாங்க! எல்லாரும் வெளியே வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

குளம் கண்மூடித் திறப்பதற்குள் காலியானது. அம்மாக்கள் பிள்ளைகளைக் கிடைத்த இடத்தில் பிடித்துத் தூக்கினார்கள். மேலாளர் வலையோடு ஓடிவந்து, "எங்க? எங்க?" என்றார். இருப்பதிலேயே சின்னவள் என்பதால் எல்லார் பார்வையும் அன்று அம்மாவோடு வந்திருந்த தங்கையின் மகள்மேல் போனது. "நான் இல்லம்மா" என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கறதுக்குன்னே கத்தினியாக்கா?" என்று தங்கை அக்காமேல் பாய்ந்தாள்.

டீச்சர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லாத குளத்தில் மிதவைப் பலகைகள் மெல்லச் சுற்ற ஆரம்பித்தன. பிறகு வேகம் பிடித்தன. அடியில் எதுவோ முறிந்த சத்தம் பாதத்தில் ஏறியது. ஆழப்பக்கத்துத் தரை அப்படியே உள்ளே போனது. தண்ணீரும் பலகைகளும் ஒரு கறுத்த வாய்க்குள் உருண்டு விழுந்தன. கடைசியில் சேறும் ஓட்டையும்தான் மிச்சம்.

டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசிப் பிள்ளை "இருக்கேன் டீச்சர்" என்றதும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டையில் கான்கிரீட்டைக் கொட்டி மூடினார்கள். 'பராமரிப்புப் பணி' என்று வாசலில் பலகை தொங்கியது. சில நாள் நின்றிருந்த சுரங்க வேலை மறுபடியும் தொடங்கியது. அதன் பிறகு மூன்றாம் மாடியில் படுக்கையறைக் கதவைச் சாத்த முடியவில்லை. கணவர் அடிப்பக்கத்தை இழைத்துச் சரிசெய்தார். அடுத்த வாரம் அது மறுபடியும் இறுகிக்கொண்டது. இழைப்புளியைக் கையில் வைத்தபடியே, "கதவுல கோளாறு இல்ல, சுவர்தான் நகருது. கிளம்பிடலாம்" என்றார்.

நகரத்தின் மறுகோடியில், அவர் பஸ் நிற்கும் பணிமனைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தது. பூங்கா இல்லை, நூலகம் இல்லை, தண்ணீரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஒரு பள்ளிக்கூடக் குளத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்தது.

தங்கை வர மறுத்துவிட்டாள். "ரயில் வரப்போற நேரத்துல யாராவது இடத்தை விட்டுட்டுப் போவாங்களா? குளம் உடைஞ்சா அதுக்கு வீடு என்னக்கா பண்ணும்?"

சாமான் ஏற்றிய நாளில் டீச்சர் சொல்லிக்கொள்ளக் கீழே போனாள். வாசல் கதவு தாழ் சேராமல், உள்ளிருந்து ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தங்கை அதை நகர்த்திவிட்டு வந்தாள்.

"இது எப்பலேர்ந்து?"

"மழைக்கு மரம் ஊறியிருக்கும்க்கா."

மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

"பிள்ளையையாவது என்னோட அனுப்புடி."

"பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கேக்கா" என்று தங்கை சிரித்தாள். வண்டி கிளம்பியதும் உள்ளே போய் நாற்காலியைத் திரும்பவும் கதவோடு சேர்த்து இழுத்து வைத்தாள்.